“கடைசியா எப்ப போட்டீய?” – குடிநோயாளியைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள், நாற்பது வயதுக்காரர் ஒருவரை வலிப்பு என்று தூக்கிக்கொண்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது அவர் கழுத்தை. புது மாலை தொங்கினால் பாதிக் கதை தெரிந்துவிடும். பத்து வருடமாகத் தினமும் குவார்ட்டர் போட்டவர் சபரிமலைக்கு மாலை போட்டு, ஒன்றாம் தேதி காலையில் ஒரேயடியாக நிறுத்தியிருப்பார். குலசேகரப்பட்டினம் (குலசை) தசராவுக்கு வேஷம் கட்ட மாலை போடுகிற நாட்களிலும் இப்படி வருவார்கள். இனிக் குடிப்பதில்லை என்று கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்து படுத்தவர்களும் உண்டு. பக்தியில் ஒரு குறையும் இல்லை. உடம்பைத் தயார் செய்துவிட்டு நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கூட வந்த மனைவி அழுதுகொண்டே சொல்வார்: “குடிச்சிக்கிட்டு கெடந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாக டாக்டரம்மா. நிப்பாட்டுன பொறவுதான் இப்படி ஆயிட்டு.” அதைக் கேட்டுச் சிரிக்கிற ஹவுஸ் சர்ஜன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா சொன்னதைவிடச் சரியான டயக்னோசிஸ் அந்த அறையில் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நெல்லைச் சீமையின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் சின்ன நர்சிங் ஹோம்களிலும் இரவு டியூட்டி பார்க்கும் மருத்துவர்களையும் நர்ஸுகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மருந்தளவுகள் பெரியவர்களுக்கான பொதுவான கணக்கு. எடை, வயது, ஈரல், சிறுநீரகம் பார்த்துக் கூட்டிக் குறைப்பது உங்கள் பொறுப்பு.

1. கேள்வியைக் கேட்கும் விதம்

“குடிப்பீங்களா?” என்று கேட்டால் “சேச்சே, இல்ல” என்றுதான் பதில் வரும். மனைவியும் மச்சினனும் சுற்றி நிற்கும்போது கேட்டால் அதுவும் வராது. முதலில் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். பிறகு பழக்கத்தை இருப்பதாகவே வைத்துக்கொண்டு கேளுங்கள்: “அண்ணாச்சி, கடைசியா எப்ப போட்டீய?” கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, நேரம் மட்டும்தான் இருக்கிறது. குடிக்காதவர் “நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது” என்று சிரித்துவிட்டுப் போவார். குடிப்பவர் ஒரு நொடி தயங்கி, “நேத்து சாயங்காலம்” என்பார். இந்த ஒரு பதிலை வைத்துத்தான் அடுத்த நான்கு நாள் வைத்தியமே நடக்கப்போகிறது.

அடுத்து அளவு. “எப்பவாச்சும் ஒரு கட்டிங்” என்பது எங்கள் பக்கத்து நிலையான பதில். வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளில் எவ்வளவு, ஒரே மூச்சில் நிறையப் போடுவது எத்தனை முறை என்ற மூன்று கேள்விகள்தான் ஆடிட்-சி என்ற குடி அளவுகோல். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 மதிப்பெண் வந்தாலே மேற்கொண்டு தோண்ட வேண்டும். இன்னொரு கேள்வியை நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன்: “காலையில எந்திரிச்சதும் கை ஆடுமா? அதை நிப்பாட்ட ஒரு வாய் ஊத்துவீயளா?” இதற்கு ஆமாம் என்றால், மற்றக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்லியிருந்தாலும் உடம்பு சாராயத்துக்கு அடிமைப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெண்களிடம் இதைக் கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். கேளுங்கள். அறுபது வயது ஆச்சி ஒருவர் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்தார். உடம்பு வலிக்கு இரவில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்குப் பல வருடமாக இருந்தது மகனுக்கே தெரியாது.

2. பாட்டிலைக் கிராமாக மாற்றுங்கள்

கேஸ் ஷீட்டில் ‘ஆல்கஹாலிக்’ என்று ஒரே சொல்லை எழுதி முடிப்பது எனக்குப் பிடிக்காது. அதில் ஒரு தகவலும் இல்லை. குவார்ட்டர் என்பது 180 மி.லி.; பிராந்தி, ரம்மில் ஆல்கஹால் ஏறக்குறைய 42.8 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால். நம் நாட்டில் ஒரு அளவு என்பது 10 கிராம். ஆக ஒரு குவார்ட்டர் 6 அளவு, அதில் பாதியான கட்டிங் 3 அளவு. 650 மி.லி. ஸ்ட்ராங் பியர் 8 சதவீதம் என்றால் அதுவே 40 கிராமைத் தொடும். “பியர்தான் டாக்டர்” என்பவரையும் சும்மா விடக் கூடாது.

‘தினமும் 2 குவார்ட்டர், 12 வருடம், கடைசியாக நேற்று இரவு 9 மணி’ என்று எழுதுங்கள். அடுத்த ஷிப்ட்டில் வருகிறவருக்கு இந்த ஒரு வரி போதும். ‘குடிகாரன்’, ‘நான் கோஆப்பரேட்டிவ்’ போன்ற சொற்களை ஷீட்டில் எழுதவே வேண்டாம். எழுதினால் அடுத்து வருகிற மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் முன்பே முகத்தைச் சுளித்துக்கொள்வார்.

3. கடிகாரம்

கடைசி வாய் இறங்கிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ எறும்பு ஊர்வதும் ஆள் நிற்பதும் தெரியும், ஆனால் நினைவு தெளிவாக இருக்கும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வருவதுதான் டெலிரியம் ட்ரெமென்ஸ். நாள், இடம் தெரியாமல் போவது, காய்ச்சல், நாடி ஓட்டம், ரத்தக் கொதிப்பு ஏறுவது, இல்லாத கயிற்றை இழுப்பது, இல்லாத மாட்டைப் பத்துவது எல்லாம் இதில் வரும். உயிரை எடுக்கும் கட்டம் இது.

யாருக்கு வரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர், நிமோனியா அல்லது எலும்பு முறிவு போன்ற வேறு நோயோடு வந்தவர், பொட்டாசியமும் பிளேட்லெட்டும் குறைவாக இருப்பவர், ரத்தத்தில் ஆல்கஹால் இன்னும் இருக்கும்போதே நடுங்குபவர். இவர்களை வெளிநோயாளியாக மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது.

4. முதல் ஒரு மணி நேரம்

சாராய வாடை அடிக்கிறது, ஆள் தள்ளாடுகிறார் என்றால் ‘போதை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று மூலையில் படுக்கவைப்பதுதான் கேஷுவாலிட்டியில் நடக்கும் பெரிய தவறு. வாடைக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

விரல் நுனியைக் குத்தி சர்க்கரை பாருங்கள். தலையைத் தடவிப் பாருங்கள். வீக்கமோ காயமோ, இரண்டு கண்பாவையும் வேறு வேறு அளவோ தெரிந்தால் உடனே சி.டி. பல வருடம் குடித்தவருக்கு மூளை சுருங்கியிருக்கும், ரத்தம் உறைவதும் குறைந்திருக்கும். பைக்கிலிருந்து லேசாக விழுந்ததே உள்ளே ரத்தக் கட்டியாகிவிடும். வாயருகே குனிந்து முகர்ந்து பாருங்கள். வயல்காட்டு ஊர்களில் வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போதையிலேயே பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருவார்கள். கண்பாவை ஊசிமுனை போல் சுருங்கி, எச்சில் ஒழுகி, நாடி குறைந்திருந்தால் அது வெறும் போதை இல்லை.

பிறகு தயமின், அதாவது வைட்டமின் பி1. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நாம் ஏமாற்றுகிறோம். குளுக்கோஸ் பாட்டிலில் பி காம்ப்ளெக்ஸ் ஊசியைக் கலந்து மஞ்சளாக்கித் தொங்கவிட்டால் நோயாளி வீட்டாருக்குத் திருப்தி, நமக்கும் கடமை முடிந்த நிம்மதி. அந்த மஞ்சள், தயமின் குறைந்து மூளையைத் தாக்கும் வெர்னிக்கே நோய்க்குப் போதாது. குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு மூன்றும் சேர்ந்து வந்தால்தான் வெர்னிக்கே என்று புத்தகத்தில் படித்தோம். மூன்றும் சேர்ந்து தெரிவது குறைந்த பேரிடம்தான். சாப்பிடாமல் குடித்துக்கொண்டே இருந்தவர் குழம்பிப் போயிருந்தாலே சந்தேகப்பட்டு, தயமின் 500 மி.கி. வீதம் நாளைக்கு மூன்று வேளை, 100 மி.லி. சலைனில் அரை மணி நேரமாக ஏற்றுங்கள். மூன்று முதல் ஐந்து நாள். பிறகு 250 மி.கி. வீதம் தினமும் சில நாள். சந்தேகமே இல்லாதவருக்கும் தினம் 100 மி.கி.யாவது ஊசி வழியாகப் போகட்டும். குடித்துக் கெட்ட குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது. குளுக்கோஸுக்கு முன்னால் அல்லது கூடவே தயமின் போக வேண்டும். ஆனால் சர்க்கரை 40-க்குக் கீழே கிடப்பவருக்குத் தயமின் வரட்டும் என்று குளுக்கோஸை நிறுத்தி வைக்காதீர்கள்.

மக்னீசியம் குறைவாக இருந்தால் தயமின் வேலை செய்யாது, பொட்டாசியமும் ஏறாது. “எங்க ஆஸ்பத்திரியில மக்னீசியம் இல்ல” என்று சொல்கிறவர்கள் பிரசவ வார்டு அலமாரியைத் திறந்து பார்க்கலாம். ஜன்னி வரும் கர்ப்பிணிகளுக்காக வைத்திருக்கும் மக்னீசியம் சல்பேட் ஆம்பியூல் அங்கே கட்டாயம் இருக்கும். சிறுநீர் நன்றாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு 2 கிராம் மெதுவாக ஏற்றலாம்.

5. நடுக்கத்துக்கு மருந்து

நடுக்கத்தை அளக்க சிவா-ஏஆர் (CIWA-Ar) என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. பத்து கேள்வி, மொத்தம் 67. எங்கள் நர்ஸுகள் “பெட் நாலுக்கு சிவா பாத்தாச்சு டாக்டர், பதினாறு” என்பார்கள்; சிவனே என்று கேட்டுக்கொள்வேன். 8-க்குக் கீழே என்றால் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும். 8 முதல் 15 வரை மருந்து தேவை. அதற்கு மேல் என்றால் தீவிர கண்காணிப்பு. பேச முடியாமல் குழம்பிப் போனவரிடம் இந்தக் கேள்விகள் உதவாது. நாடி, வியர்வை, விழிப்பு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து என்றால் டையஸிபாம், லோரஸிபாம் அடங்கிய பென்சோடையஸிபைன் வகைதான், வேறு மாற்று தேடாதீர்கள். ஈரல் நன்றாக இருக்கும் இளைஞருக்கு டையஸிபாம் 10 மி.கி. அல்லது குளோர்டையஸிபாக்ஸைடு 25 முதல் 50 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. தினமும் கொஞ்சம் குறைத்து ஐந்து முதல் ஏழு நாளில் நிறுத்திவிடலாம். ஒரு மணிக்கொருமுறை மதிப்பெண் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் கொடுக்கும் முறையில் மொத்த மருந்து குறைவாகவே செலவாகும். ஆனால் அறுபது பேருக்கு இரண்டு நர்ஸ் இருக்கும் வார்டில் அது நடக்காது. நேரம் வைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து. கண் மஞ்சள், வயிற்றில் நீர், வயது 60-க்கு மேல் என்றால் லோரஸிபாம் 1 முதல் 2 மி.கி.; அது உடம்பில் தேங்காது, ஈரலுக்கும் பெரிய வேலை வைக்காது. வலிப்பு வந்தால் லோரஸிபாம் 2 மி.கி. நரம்பு வழியாக; அது அடுத்த வலிப்பையும் தடுக்கும். ஃபெனிடாயின் இந்த வலிப்பைத் தடுக்காது. ‘வலிப்பு மாத்திரை’ என்று வருடக்கணக்கில் அதைத் தின்றுகொண்டு இன்னொரு பக்கம் குடித்துக்கொண்டிருப்பவர்களை ஊர் ஊராகப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் இழுக்கிற வலிப்பு, விடாமல் வருகிற வலிப்பு, காய்ச்சலோடு வருகிற வலிப்பு ஆகியவற்றை மட்டும் சாராயத்தின் தலையில் போட்டுவிடாமல் படம் எடுத்துப் பாருங்கள்.

6. மூன்றாம் இரவு

இது என் தவறு. பயிற்சி முடித்த புதிதில், ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் ஒரு லோடுமேனுக்குக் கால் முறிவு. முதல் நாள் தங்கமான ஆள். இரண்டாம் நாள் போர்வையின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். வலி என்று நினைத்தேன். மூன்றாம் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, டிரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டுப்போட்ட காலோடு, “லாரி நிக்கி, மூட்டை எறக்கணும், விடுலே” என்று வாசலுக்கு நடந்தார். வார்டு பூராவும் பேய் என்றது. வாட்ச்மேன் கட்டிப்போட்டார். மனநோய்க்குப் போடும் ஹாலோபெரிடால் ஊசியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதிகாலையில் வலிப்பு. அவர் பிழைத்தது என் சாமர்த்தியத்தால் இல்லை, காலை டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் ஷீட்டைப் புரட்டிவிட்டு, “இவருகிட்ட குடியப் பத்தி யாருமே கேக்கலியா?” என்றார். யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பேய் என்று சொல்லும் வீட்டாரோடு சண்டை போட வேண்டாம். உவரி அந்தோணியார் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள், தர்காவுக்குப் போக வேண்டும் என்பார்கள். “தாராளமாப் போங்க அம்மா, ஆனா அஞ்சு நாள் கழிச்சுப் போங்க. இப்ப தூக்கிட்டுப் போனா வழியிலயே வலிப்பு வரும்” என்று சொன்னால் கேட்பார்கள்.

டெலிரியம் வந்துவிட்டால், லோரஸிபாம் 2 முதல் 4 மி.கி. அல்லது டையஸிபாம் 10 மி.கி. நரம்பு வழியாகப் போட்டு, கால் மணிக்கொருமுறை பார்த்து, கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்கு அமைதி வரும் வரை திரும்பக் கொடுக்க வேண்டும். மூச்சையும் ஆக்ஸிஜன் அளவையும் விட்டுக் கண் அகலக் கூடாது. நாம் பயந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தோற்கும் இடம் இது. அப்படியும் அடங்கவில்லை என்றால் ஐ.சி.யூ. உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். எங்கள் பக்கம் அது பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அனுப்பும் முன் மருந்தைக் கொடுத்து, நேரத்தைச் சீட்டில் எழுதி, கூட ஒரு நர்ஸோடு 108-ல் அனுப்புங்கள். ஹாலோபெரிடால் மட்டும் தனியாக வேண்டாம், வலிப்பை அது எளிதாக்கிவிடும். விளக்கை அணைக்காதீர்கள், இருட்டில் பயம் கூடும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே பாதிக் கட்டு தேவைப்படாது. காய்ச்சலை டெலிரியத்தின் கணக்கில் எழுதிவிடாமல், நெஞ்சில் நிமோனியாவையும் வயிற்று நீரில் தொற்றையும் தேடுங்கள்.

7. நடுக்கமா, ஈரல் மயக்கமா?

கெட்டுப்போன ஈரல் கழிக்காமல் விட்ட நச்சு மூளையைக் குழப்புவதுதான் ஈரல் மயக்கம். நிறுத்தியதால் வந்த நடுக்கம், இது, இரண்டிலும் ஆள் குழம்பியிருப்பார், கை ஆடும், குடிப்பழக்கமும் இருக்கும். வைத்தியம் மட்டும் நேர் எதிர். ஈரல் மயக்கத்தில் கிடப்பவருக்கு டையஸிபாம் போட்டால் எழுந்திருக்கவே மாட்டார்.

கையை முன்னால் நீட்டி, போக்குவரத்துப் போலீஸ் வண்டியை நிறுத்துவதுபோல மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லுங்கள். நிறுத்தியதால் வந்த நடுக்கம் வீணைத் தந்தி போல விடாமல் அதிரும். ஈரல் மயக்கத்தில் கை அப்படியே நின்று, திடீரென்று மடங்கி விழுந்து, மறுபடி எழும், கோழி சிறகடிப்பதுபோல. முன்னவர் கண்ணை விரித்து விழித்துக்கொண்டு, வியர்த்து, நாடி 120-ல் இருப்பார். பின்னவர் பகலில் தூங்கி வழிந்து, இரவில் விழித்து, நாடி அமைதியாகவே இருக்கும்; மலம் கழித்து மூன்று நாள் ஆகியிருக்கும். இங்கேயும் அதே கேள்விதான். கடைசியாகக் குடித்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்றால், இது நிறுத்தியதால் வந்த நடுக்கமாக இருக்க முடியாது. லாக்டுலோஸ் கொடுத்து நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகச் செய்யுங்கள். என்ன தூண்டியது என்று தேடுங்கள்: மலச்சிக்கல், ரத்தக் கசிவு, தொற்று, பொட்டாசியம் குறைவு, யாரோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை.

8. மஞ்சள் கண், ஊதின வயிறு, ரத்த வாந்தி

ரத்தத்தில் பார்க்கும் ஈரல் என்சைம்களில், குடியால் வரும் ஈரல் அழற்சியில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைவிட இரண்டு மடங்காவது இருக்கும், ஆனால் இரண்டும் பெரும்பாலும் 400-ஐத் தாண்டாது. ஆயிரக்கணக்கில் போனால் குடிக்கிறவர் என்பதற்காக அதன் மேல் பழி போடாதீர்கள். வைரஸ், பாராசிட்டமால், பெயர் தெரியாத பொடி என்று வேறு வழியில் தேடுங்கள். பிசான நடவுக் காலத்தில் சேற்றில் நின்று வேலை பார்த்தவர் காய்ச்சல், சிவந்த கண், கெண்டைக்கால் வலி, மஞ்சள், கிரியேட்டினின் உயர்வோடு வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அவர் குடிப்பவராக இருப்பதால் மட்டும் எலிக்காய்ச்சல் வராமல் போகாது.

எவ்வளவு தீவிரம் என்பதற்கு மேட்ரே கணக்கு: நோயாளியின் புரோத்ராம்பின் நேரத்திலிருந்து கண்ட்ரோலைக் கழித்து, 4.6-ஆல் பெருக்கி, பிலிருபினைக் கூட்டுங்கள். 32 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து. தொற்றும் ரத்தக் கசிவும் இல்லை என்று உறுதியானால் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. தினமும், ஏழாம் நாள் மருந்து கேட்கிறதா என்று சொல்லும் லில்லே மதிப்பு பார்த்து 0.45-க்கு மேல் இருந்தால் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் 28 நாள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டீராய்டைத் தொடாதீர்கள்.

வயிற்றில் நீரோடு அட்மிட் ஆகும் ஒவ்வொருவருக்கும் ஊசி போட்டு நீரை எடுத்துப் பாருங்கள், வயிறு வலிக்காவிட்டாலும். அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 250-ஐத் தொட்டால் கல்ச்சர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் செஃப்ட்ரையாக்ஸோன் அல்லது செஃபோடாக்ஸிம் தொடங்கி, அல்புமினும் கொடுக்க வேண்டும்: முதல் நாள் எடைக்குக் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம்.

ரத்த வாந்தி வந்தால் எண்டோஸ்கோப்பி இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும்தான். ஓடும் முன்பு இரண்டு வேலையை நம் இடத்திலேயே முடித்துவிடலாம்: ஆக்ட்ரியோடைடு அல்லது டெர்லிபிரசின், செஃப்ட்ரையாக்ஸோன் 1 கிராம். உயிரைக் காப்பதில் ஆன்டிபயாடிக்குக்கும் பங்கு உண்டு. ரத்தம் ஏற்றும்போது ஹீமோகுளோபின் 7, 8-க்கு மேல் போக வேண்டாம். கூடினால் ஈரல் நாள அழுத்தம் கூடி, புடைத்த நாளம் மறுபடி உடையும்.

இவர்களுக்கு வலி மாத்திரையாக டைக்ளோஃபினாக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராம் வரை கொடுக்கலாம். நிறைய மருத்துவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

9. தட்டில் என்ன?

‘மஞ்சக்காமாலைக்குப் பத்தியம்’ என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்தி, உப்பில்லாக் கஞ்சியில் ஆளைப் போட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். தசை கரைந்து, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதிக் கிடக்கும். ஈரல் சுருங்கியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. ஈரல் மயக்கம் வந்தவருக்கும் இதைக் குறைக்க வேண்டியதில்லை. உளுந்தம்பருப்புச் சோறும் முட்டைக் குழம்பும் இங்கே மருந்துதான், எள்ளுத் துவையலில் மட்டும் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். இட்லி இரண்டு, அல்லது சுண்டல். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே தின்னும். உப்புக்கு ஒரே பேச்சு: கருவாடு, அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் வேண்டாம். நாளைக்கு 5 கிராம் உப்பு என்று சொன்னால் யாருக்கும் புரியாது, ஒரு டீஸ்பூன் என்று சொல்லுங்கள்.

நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பாடு போட்டால் பாஸ்பரஸ் சரிந்து இதயம் தடுமாறும். முதல் சில நாள் அளவாக ஏற்றுங்கள்.

10. கண் மங்குகிறது என்றால்

குடித்த மறுநாள் கண் மங்கல், வயிற்று வலி, வேகமாக மூச்சு வாங்குவது என்றால் மெத்தனால், கள்ளச்சாராயத்தில் வரும் விஷச் சாராயம். ஒரே தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தால் சந்தேகமே வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்ததை மறந்துவிட முடியாது. சோடியம் பைகார்பனேட், ஃபோமெபிசோல் அல்லது அது இல்லாத இடத்தில் எத்தனால், ஃபோலினிக் அமிலம், டயாலிசிஸ். தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரி. கூடக் குடித்த மற்றவர்கள் யார் யார் என்று கேட்டு, நன்றாக இருப்பவர்களையும் வரவழையுங்கள்.

11. டிஸ்சார்ஜ் அன்று

நடுக்கம் நின்றதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த மாதம் அதே பெட்டில் படுத்திருப்பார். நிறுத்த வைப்பது ஒரு வாரக் காரியம், நின்றதைக் காப்பது வருடக்கணக்கு.

ஈரல் ஓரளவு நன்றாக இருந்தால் நால்ட்ரெக்ஸோன் தினம் 50 மி.கி.; குடிக்கும் ஆசையையும் குடித்தால் கிடைக்கும் சுகத்தையும் அது குறைக்கும். டிரமடால் போன்ற வலி மருந்து சாப்பிடுபவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் 666 மி.கி. மூன்று வேளை, ஈரலைத் தொடாது, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்; நாளைக்கு ஆறு மாத்திரை என்பதால் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். ஈரல் சுருங்கியவருக்குப் பேக்ளோஃபென் 5 மி.கி. மூன்று வேளையில் தொடங்கி 10-க்கு ஏற்றலாம். ஈரல் மயக்கம் வந்துபோனவரிடமும் சிறுநீரகம் கெட்டவரிடமும் ஜாக்கிரதை.

டைசல்ஃபிராம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘குடி மறக்கப் பொடி’ என்று விளம்பரத்தைப் பார்த்து வாங்கி, கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து போடும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. பீடி சுற்றிச் சேர்த்த காசு டாஸ்மாக் கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பார்கள்? ஆனால் அந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் இருந்தால், குடித்ததும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் படுத்து, இதய நோய் உள்ளவர் செத்தே போகலாம். நோயாளி சம்மதித்து, கடைசியாகக் குடித்து ஒரு நாளாவது கழிந்து, ஈரலும் இதயமும் நன்றாக இருந்தால் மட்டுமே அந்த மருந்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கயிறு கட்டுவதையும் மாலை போடுவதையும் நான் கிண்டல் செய்வதில்லை. அதுவும் ஓர் ஒப்பந்தம்தான், நம் சீட்டைவிட அவருக்கு அது கனமானது. “மாலை போடுறதுக்கு ஒரு வாரம் முந்தி எங்கிட்ட வந்துட்டுப் போங்க, உடம்பைத் தயார் பண்ணிருவோம்” என்று ஐப்பசியிலேயே சொல்லி அனுப்புகிறேன். கேட்டு வருகிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள். மாலையைக் கழற்றும் நாளும் ஆபத்துதான். அதற்கு முன்பே ஒருமுறை வரச் சொல்லுங்கள். ஊர்க் கொடை, கல்யாணம், சம்பள நாள் ஆகியவற்றையும் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

12. வீட்டு ஆட்கள்

மனைவியைத் தனியே உட்காரவைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: “அடிப்பாகளா அம்மா? ஒங்களுக்குத் தூக்கம் வருதா?” இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் கண்ணீர் வரும். நோயாளியிடம் தற்கொலை எண்ணத்தைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பொய். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் இரவு பகலாக எடுப்பார்கள். எண்ணைச் சீட்டின் மேலே பெரிதாக எழுதிக்கொடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம் உங்கள் தாலுகாவில் எந்தக் கிழமை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போதை மறுவாழ்வு மையம் என்ற பெயரில் ஆளை அடைத்துச் சங்கிலியில் கட்டும் இடங்களுக்கு அனுப்பாதீர்கள். சங்கிலியில் கட்டுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குற்றம், குடியால் வரும் மனநோயும் அந்தச் சட்டத்துக்குள் வரும்.

13. திரும்பி வரும்போது

ஒரு வாழைத்தார் வியாபாரி. முதல் தடவை வந்தபோது குடியே இல்லை என்றார், இரண்டாம் தடவை எப்போதாவது என்றார், மூன்றாம் தடவைதான் தினம் முக்கால் பாட்டில் என்று வந்தது. ஏழு மாதம் தொடாமல் இருந்தார். போன வாரம் வந்து, ஸ்டூலில் உட்காராமல் கதவோரமாகவே நின்றார்.

“உக்காருங்க அண்ணாச்சி. கடைசியா எப்ப போட்டீய?”

“நேத்து சாயங்காலம் டாக்டரம்மா. அக்கா மவ கல்யாணம். ரெண்டு கட்டிங்.”

நேரத்தையும் அளவையும் சீட்டில் எழுதிக்கொண்டேன். கையை நீட்டச் சொன்னேன். நடுக்கம் இல்லை.